ஒரு வாரத்துக்கு வாங்கி வைத்த விசில்

குக்கர் ரப்பரைத் தேடிப் பழைய டப்பாவைக் கவிழ்த்தபோது உன் விசில் தரையில் விழுந்து உருண்டது. மஞ்சள் பிளாஸ்டிக் விசில். மற்ற பெண்கள் நாங்கள் எல்லாரும் விசிலை அதோடு வந்த வெள்ளைக் கயிற்றிலேயே மாட்டிக்கொண்டோம். நீ மட்டும் கம்பெனி கட்டிங்கில் கழித்துப் போட்ட சிவப்பு பனியன் துணியை முறுக்கி நாடாவாக்கிக் கோத்துக்கொண்டாய். அந்தச் சிவப்பு இன்னும் வெளுக்கவில்லை. எக்ஸ்போர்ட் துணியல்லவா.

சோறு ஆறிப்போகும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ படிக்கப்போவதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்திருந்தால் உன் முகத்துக்கு நேரே இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

தெற்கேயிருந்து புருஷனோடு வந்து, ராயபுரத்தில் எங்கள் லைன் வீட்டில் கடைசி வீட்டுக்குக் குடிவந்தாய். முதல் வீடு என்னுடையது. பனியன் கம்பெனியில், தைத்து வந்த துணியில் பழுது பார்க்கிற என் செக்கிங் டேபிளுக்கே உன்னை அனுப்பினார்கள். முதல் மாதமே உன் கழுத்தில் விரல் பதிந்த தடத்தைப் பார்த்துவிட்டேன். துணியில் ஊசி ஓட்டையைத் தேடித் தேடிப் பழகிய கண் எனக்கு. கேட்டதற்கு, “கட்டில்ல இடிச்சிக்கிட்டேன்க்கா” என்றாய். உன் வீட்டில் கட்டிலே கிடையாது.

குடும்ப வன்முறைக்கு எதிராகப் புதுச் சட்டம் வந்த மறு வருஷம் அது. பாதுகாப்பு அலுவலர் அம்மா கம்பெனி கேன்டீனுக்கே வந்து பேசினார். மகளிர் காவல் நிலையம், எங்கள் சுய உதவிக் குழு, கம்பெனி, எல்லாரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். வீட்டுக்கு ஒரு விசில். அடி விழுந்தால் ஊத வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் போய் அந்த வாசலில் நிற்க வேண்டும். திட்டவோ கேள்வி கேட்கவோ கூடாது, நின்றால் மட்டும் போதும். அன்றைக்கு நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு, “நெசமாவே ஊதுனா வருவியளாக்கா?” என்று கேட்டாய். “வராம எங்க போறமுங் கண்ணு” என்றேன்.

வந்தோம். நீ முதல்முறை ஊதியபோது லைன் முழுக்க உன் வாசலில் நின்றது. தோசைக் கரண்டியோடு வந்தவளும் உண்டு, தலையில் சீயக்காயோடு வந்தவளும் உண்டு. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் உன் புருஷன் அதே கையால் தலையைச் சொறிந்தான். மறுநாள் டேபிளில் நீ பனியன் பீஸைப் பார்க்கவே இல்லை. “எல்லாரும் நின்னாவளேக்கா, எனக்காவ நின்னாவளே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

அதோடு விட்டிருக்கலாம். என் புத்திதான் சும்மா இருக்கவில்லை. கம்பெனியில் பழுது இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஸ்டிக்கர் குறைந்த டேபிள்தான் நல்ல டேபிள். அதே மாதிரி ஒவ்வொரு லைன் வீட்டு வாசலிலும் ஒரு அட்டை மாட்டி, விசில் ஊதின நாளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம், ஸ்டிக்கர் இல்லாத லைனுக்கு ஒரு கேடயம் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவள் நான். எல்லாரும் கை தட்டினார்கள். அடி குறைந்தால் ஸ்டிக்கர் குறையும் என்று நினைத்தோம். ஊதுவது குறைந்தாலும் அது குறையும் என்று ஒருத்திக்கும் உறைக்கவில்லை. கண்ணில் பட்ட பழுதை மட்டும் எண்ணிப் பழகியவர்கள் நாங்கள்.

புது மாதம் பிறந்தபோது அட்டையை மாற்றினோம். போன மாதத்து ஸ்டிக்கர் அத்தனையும் உன்னுடையது. “இவ ஒருத்தியால நம்ம லைனுக்குக் கேடயம் போயிருமுங்க” என்று குழாயடியில் பேச்சு. பக்கத்துத் தெரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை கேடயம் கொடுக்கிற விழா; அதுவரைக்கும் புது அட்டையில் ஸ்டிக்கர் விழக்கூடாது. அதற்கு முந்தின திங்கட்கிழமை உன்னிடம் வந்தேன்.

“ஏங்கண்ணு, ஒரு வாரம் விசில் எங்கிட்ட இருக்கட்டும். விழா முடிஞ்சதும் வாங்கிக்க.”

“அதுக்குள்ள அடிச்சாவன்னா என்னக்கா செய்ய?”

“அவனுக்குக் கோவம் வராத மாதிரி நடந்துக்க சாமி. ஒரு வாரந்தான?”

நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றினாய். அது கம்மலில் மாட்டிக்கொண்டது, நானே எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் ஒரே நிறச் சேலையில் கிளம்பினோம். நீயும் அந்தச் சேலையைக் கட்டியிருந்தாய். வாசலில் உன் புருஷன் உட்கார்ந்திருந்தான். “கறி ஆக்கி வச்சிட்டு வாரேன்க்கா, நீங்க போங்க” என்றாய். போனோம்.

மேடையில் அலுவலர் அம்மா, “எப்படி ஊதுவீங்கன்னு ஒருதடவை காட்டுங்க” என்றார். எல்லாரும் ஒன்றாக ஊதினோம். மண்டபமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கேடயத்தை வாங்கிக்கொண்டு லைனுக்குத் திரும்பியபோது நீ ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தாய். “வழுக்கி விழுந்துட்டா” என்றான் உன் புருஷன். ஒருதடவை விழுந்தால் இத்தனை காயம் வராது என்று டாக்டர் சொன்னார். அவனை உள்ளே போட்டார்கள். அந்த மாத அறிக்கையில் எங்கள் லைனுக்கு நேரே, ஊதியவர் யாருமில்லை என்று எழுதிப் போயிற்று.

உன் காரியத்துக்கு வந்த அலுவலர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விசில் இருந்துச்சேம்மா, ஏன் ஊதல?” என்று என்னைக் கேட்டார்.

“பயந்துட்டா போலிருக்குதுங்க” என்றேன்.

அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாக வருகிற பெண்களுக்கு உன்னைத்தான் உதாரணம் சொன்னார்கள்: பயந்துபோய் ஊதாமலே செத்தாள் ஒருத்தி, நீங்கள் அப்படி இருக்காதீர்கள் என்று. நானும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். கோர்ட்டில் சாட்சி சொன்னபோதும் விசிலைப் பற்றி வாய் திறக்கவில்லை. உன்னைக் கொன்றது அவன். உன்னைக் கோழையாக்கியது நான்.

ஒன்று மிச்சமிருக்கிறது. மேடையில் ஊதச் சொன்னபோது என் விசில் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பையைத் துழாவியதில் சிவப்பு நாடா கையில் சிக்கியது. உன்னுடையதைத்தான் ஊதினேன். பக்கத்துத் தெருதானே, உன் வீடுவரைக்கும் கேட்டிருக்கும். யாரோ ஊதுகிறார்கள், இனி எல்லாரும் வந்து நிற்பார்கள் என்று நீ கதவைப் பார்த்திருப்பாயோ என்னவோ.

விசிலில் ஒரு பழுதும் இல்லை கண்ணு. நான் ஊதிப் பார்த்திருக்கிறேன்.