மோட்டார் ரூம் சாவி

திண்டிவனம்,
22.7.2025

அன்புள்ள சூர்யகலா அக்காவுக்கு,

உங்கள் வீட்டில் குடியிருக்கும் பவானி எழுதுவது. முட்டி வலி தேவலையா? போன் போட்டால் உங்கள் மகன் அரிபிரசாத்தான் எடுக்கிறான். "அம்மா தூங்கிக்கினு இருக்காங்க" என்று வைத்துவிடுகிறான். அதனால்தான் கடிதம்.

போன வாரம் இங்கே வந்து, "காலி பண்ணுங்க, வீடு எங்களுக்கு வேணும்" என்றான். ஆடியில் யார் புது வீட்டில் பால் காய்ச்சுவார்கள்? கிரைண்டர் சத்தம் என்றால் எவரும் வீடு தருவதும் இல்லை. தை வரைக்கும் டைம் கேட்டேன். அவன் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தண்ணீர் இல்லாமல் எப்படி மாவு அரைத்து விற்பேன்? தெருக்குழாயில் பிடித்து ஒரு கிரைண்டரை மட்டும் ஓட்டுகிறேன்.

வாடகை மனு வாங்கும் ஆபீசில் மனு கொடுத்தேன். ஒப்பந்தம் எங்கே என்று கிளார்க் கேட்டார். குடிவந்த அன்று தட்டில் வெற்றிலை பாக்கோடு சாவியை வைத்துக் கொடுத்து, "நமக்குள்ள எதுக்குப் பத்திரம்" என்றீர்களே, அதைச் சொன்னேன். சிரித்தார். இந்த மாதிரி மனுவுக்கு என்ன செய்யணும் என்று அரசாங்கத்தின் அறிவுரை வந்திருக்கிறதாம். காட்டுங்கள் என்றேன். "அது ஆபீசுக்கும்மா, பப்ளிக்குக்கு இல்ல" என்றார்.

அவனிடம் சொல்லிப் பூட்டைத் திறக்க வையுங்கள் அக்கா.

உங்கள்
பவானி

விழுப்புரம்,
28.7.2025

பவானிக்கு,

நீ நல்லா இருக்கணும். ஆனால் உன் கடிதத்தைப் படித்து மனசே விட்டுப்போச்சு. அரி பூட்டினது தப்புதான். அதற்காக ஆபீஸ் படி ஏறுவதா? உன் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டபோது தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது யார்? சொந்த வீட்டைக் கேட்டால் குற்றமா?

மனுவை வாபஸ் வாங்கு. பிறகு அரியிடம் பேசுகிறேன்.

சூர்யகலா

திண்டிவனம்,
4.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஓடினது நீங்கள்தான். செத்தாலும் மறக்க மாட்டேன். மனுவை வாபஸ் வாங்கவும் மாட்டேன்.

வீடு உங்களுடையது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னை எப்படி வெளியேற்றலாம், எப்படிக் கூடாது என்று அரசாங்கம் எழுதி வைத்திருந்தால் அதை நான் பார்க்க வேண்டாமா? என்னிடம் மறைத்து வைத்தால் அது யாருக்கு எழுதின அறிவுரை? விழுப்புரம் வந்து, மனு எழுதித் தருகிறவரிடம் சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு அனுப்பிவிட்டேன். திரும்பும்போது உங்கள் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. வந்தால் காபி கொடுப்பீர்கள், எனக்கு மனசு இளகிவிடும்.

பவானி

விழுப்புரம்,
29.8.2025

பவானிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது வேறு வழி இல்லை.

நாங்கள் இங்கே இருப்பதும் வாடகை வீடுதானே, அதன் வீட்டுக்காரர் ஆனியிலிருந்தே எங்களைக் காலி செய்யச் சொல்கிறார். அதனால்தான் அரி உன்னிடம் வந்து நின்றான். முந்தாநாள் வீட்டுக்காரர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பகலெல்லாம் பனை விசிறியோடு உட்கார்ந்திருக்கிறேன். அரி யார் யாரையோ கேட்டுப் பார்த்தான், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பேஜாராகிப் போச்சு.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அந்த அறிவுரை உன் கைக்கு வந்ததா?

சூர்யகலா

திண்டிவனம்,
4.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டது. இரண்டே பக்கம். காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம் என்று இருக்கிறது. இதைக் காட்டத்தான் அத்தனை யோசனை. நகல் எடுத்து மாவுக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எதிர் வீட்டு பவுனு எழுத்துக் கூட்டி முழுசையும் படித்துவிட்டு, தன் மகளுக்கு ஒன்று கேட்டு வாங்கிப் போனாள். ஆபீஸ் போர்டிலும் ஒட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உங்களுக்கும் ஒரு நகல் இதோடு வைத்திருக்கிறேன். அங்கே உள்ள ஆபீசுக்கு எடுத்துப் போங்கள். அரியைப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஃபியூசுக்கு ஒரு சட்டம், என் மோட்டாருக்கு ஒரு சட்டம் என்று அதில் இல்லை. பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை எனக்கு விசாரணை. நான் போவேன்.

பவானி

விழுப்புரம்,
9.9.2025

என் பவானிக்கு,

அரியை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். கரண்ட் என்று வந்த இடத்தில் சத்தமாகப் படித்தான். தண்ணீர் என்று வந்த இடத்தில் குரல் இறங்கிவிட்டது. அவன் பைக் சாவிக் கொத்தை எடுத்து மோட்டார் ரூம் சாவியைக் கழற்றினேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நேற்று அந்த நகலோடு நானும் இங்கே மனு கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறேன். உன் மனுவை வாபஸ் வாங்காதே. அதிகாரி முன்னாலேயே நமக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம். அதுவரைக்கும் இரண்டு கிரைண்டரும் ஓடட்டும்.

சாவியை இதோடு அனுப்பியிருக்கிறேன். வெற்றிலை தபாலில் வாடிவிடும் என்று பாக்கு மட்டும் வைத்தேன்.

அக்கா
சூர்யகலா