கீபோர்டின் இடது பாதி

என்னங்க, இன்று காலை கடையைத் திறந்ததும் கீபோர்டைத் துடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கரும்பு லாரியும் தக்காளி டிராக்டரும் ஓயாமல் போகிற தெருவில் கடை வைத்துவிட்டு, துடைக்க அலுத்துக்கொண்டால் நடக்குமா? முதலில் வலது பாதியின் கீகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். புழுதியும் கொஞ்சம் முறுக்குத் தூளும் இருந்தன. முறுக்கு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். பிறகு இடது பாதியின் ஓரத்துக் கீயைக் கழற்றினேன். குப்பென்று தைல வாசனை வந்தது.

நீங்கள் போய் ஒரு பொங்கலும் கடந்துவிட்டது. தைலம் இன்னும் போகவில்லை. விழுந்துபோன வலது கைக்கு இடது கையால் தைலம் தேய்ப்பீர்கள், அதே கையோடு வந்து டைப் அடிக்க உட்காருவீர்கள். "துணியில தொடச்சிட்டுத்தான் ஒக்காருங்களேன்" என்று நான் தினமும் கத்துவேன். "வாசமா இருந்துட்டுப் போவுது, உனக்கென்ன" என்பீர்கள். கீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஜெராக்ஸுக்கு ஆள் வந்தது, எழுந்து போனேன்.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நம் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் நீங்கள் டைப் அண்ணன், நான் ஜெராக்ஸ் அக்கா. கல்யாணப் பத்திரிகை, மனு, பயோடேட்டா, காதுகுத்து அழைப்பிதழ் எல்லாம் உங்கள் பக்கம். நகல் எடுப்பது, லேமினேஷன், சில்லறை கொடுப்பது என் பக்கம். நீங்கள் கீபோர்டைப் பார்த்து நான் பார்த்ததில்லை. எதிரில் நிற்கிறவரோடு தக்காளி விலை பேசிக்கொண்டே மனு அடித்து முடிப்பீர்கள். மவுஸைத் தொடுவது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். "ரெண்டு விரல்ல முடியற வேலைக்கு எலியப் புடிச்சிக்கிட்டு எவன் சுத்தறது" என்று கேட்பீர்கள். சேமிக்க ஒன்று, ஒட்ட ஒன்று, பிரிண்ட் போட ஒன்று என்று ஷார்ட்கட் கீகள் எல்லாம் உங்கள் விரலில் இருந்தன. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும் என்று நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது ரேசர் உங்கள் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தீர்கள், கை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பேச்சு திரும்பியது. கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்க வந்தது. வலது கை மட்டும் வரவே இல்லை. தருமபுரியில் பிசியோதெரபி பார்த்தவர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "கை வந்தா வரட்டும்ங்க, அதுக்குள்ள இருக்கற கையப் பழக்கிக்கோங்க" என்றார்.

மறுபடி கடைக்கு வந்த முதல் நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மாரண்டஹள்ளிக்காரர் மோட்டார் கரண்டுக்காக ஒரு மனு கேட்டு வந்திருந்தார். ஒற்றைக் கையால், வியர்க்க வியர்க்க, ஒரு பக்கம் அடித்து முடித்தீர்கள். பிரிண்ட் போட வேண்டும். உங்கள் விரல் பழகிய கன்ட்ரோல் இடது மூலையில், அதோடு சேர்த்து அமுக்க வேண்டிய எழுத்து வலது பக்கக் கடைசியில். மவுஸில் போயிருக்கலாம். நீங்கள் போகவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி அந்த எழுத்தின் மேல் வைத்தீர்கள், பிறகு கன்ட்ரோலை அமுக்கப் போனீர்கள். அதற்குள் வலது கையின் கனம் கீயை அழுத்திவிட்டது. மனுவின் கடைசியில் ணணணணண என்று ஒரு வரி முழுக்க ஓடியது. மாரண்டஹள்ளிக்காரர் தங்கமானவர். "பரவால்லைங்க டைப்பண்ணா, அவசரமில்ல, நான் அப்புறமா வர்றேன்" என்று எழுந்துகொண்டார். அந்தப் பரவாயில்லைதான் உங்களை ஒடித்துப் போட்டது. அவர் போனதும், "கடைய வித்துரலாம்" என்றீர்கள்.

கடை போனால் சோற்றுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் கடை போனால் நீங்கள் வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என் கவலை முழுக்க அதுதான். "விக்கலாம், விக்கற வரைக்கும் கடையில ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு, உங்களைத் தருமபுரிக்கு பஸ் ஏற்றினேன்.

அந்தக் கம்ப்யூட்டர் கடையில் நான் செய்த கூத்தை நீங்கள் சாகும்வரை சொல்லிக் காட்டினீர்கள். கடைக்காரர் கைக்கு நோகாத கீபோர்டு என்று வளைந்தது, சரிந்தது, மணிக்கட்டுக்கு மெத்தை வைத்தது என்று வரிசையாக எடுத்துப் போட்டார். நான் வலது கையை முந்தானைக்குள் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றையும் இடது கையால் மட்டும் அடித்துப் பார்த்தேன். "அக்காவுக்குக் கையில அடிங்களா?" என்று கேட்டார். "எனக்கில்லைங்க, இவருக்கு" என்றேன். நீங்கள் தலையைத் திருப்பிக்கொண்டு ஃபேனைப் பார்த்தீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. நம்பர் கீகள், ஷார்ட்கட் கீகள், சத்தம் கூட்டுகிற கீ என்று கூடுதலாக எது வைத்தாலும் வலது பக்கம்தான் வைக்கிறார்கள். "எடது பக்கம் பட்டன் வெச்சது ஒண்ணுகூட இல்லீங்களா?" என்று கேட்டதற்கு, "அப்படி யாருமே கேக்கறதில்லைங்க" என்றார் அவர். வெறுங்கையோடு திரும்பினோம்.

சேலத்தில் படித்துக்கொண்டிருந்த நம் மகள்தான் தேடிப் பிடித்து ஆன்லைனில் வரவழைத்தாள். கூரியரைப் பிரித்தபோது பக்கத்து வளையல் கடை அக்கா எட்டிப் பார்த்து, "அடப்பாவமே, ரெண்டா ஒடஞ்சு வந்திருக்குது, திருப்பி அனுப்பிச்சிரு" என்றது. கீபோர்டே இரண்டு பாதிதான். நடுவில் ஒரு வயர் மட்டும், எந்தப் பாதியை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இடது பாதியின் ஓரத்தில் தனியாக ஒரு வரிசை ஷார்ட்கட் கீ. ஒன்றை அமுக்கினால் சேமிக்கும், ஒன்றை அமுக்கினால் ஒட்டும், இன்னொன்றைத் தொட்டால் பிரிண்ட். நீங்கள் முதலில் அதைத்தான் அமுக்கினீர்கள். வெற்றுத்தாள் ஒன்று பிரிண்டரிலிருந்து வந்து விழுந்தது. அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். எழுத்தே இல்லாத தாளை அவ்வளவு நேரம் படித்தவர் நீங்கள் ஒருத்தர்தான்.

மகள் இன்னொரு வசதியும் செய்து வைத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள கீயை அமுக்கிப் பிடித்தால், கண்ணாடியில் தெரிகிற மாதிரி, வலது பக்கத்து எழுத்துகள் இடது பக்கம் வந்துவிடும். அ இருக்கிற இடத்தில் ந வரும், இ இருக்கிற இடத்தில் த வரும். வலது பாதியிலும் அதேபோல ஒரு கீ. ஒரு கையாலேயே முழுவதையும் அடிக்கலாம். ஆனால் பழக வேண்டும். நீங்கள் இரண்டு நாள் பார்த்தீர்கள், எரிச்சல் வந்தது, "இந்தா, அந்தப் பக்கம் நீ ஒக்காரு" என்றீர்கள்.

அப்படித்தான் ஜெராக்ஸ் அக்கா டைப் அடிக்க உட்கார்ந்தேன். நீங்கள் அடிக்கிற தமிழ்99 எழுத்து முறையில் உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம், மெய்யெல்லாம் வலது பக்கம். வ-வும் ங-வும் மட்டும் உங்கள் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தன. மகள் என் பாதிக்கு மட்டும் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாள். உங்கள் பாதிக்கும் ஒட்டப் போனபோது, "எனக்கெதுக்கு ஸ்டிக்கரு, அத எடுத்து வெய்யி" என்று சொல்லிவிட்டீர்கள். இரண்டு பேரும் ஒரே மேசையில், ஆளுக்கொரு பாதி. நீங்கள் சொல்லைச் சொல்வீர்கள், நான் ஒன்று அடிப்பேன், நீங்கள் ஒன்று அடிப்பீர்கள். நான் அவசரப்பட்டு அடுத்த எழுத்துக்குத் தாவி, குமார் என்கிற மாப்பிள்ளையைக் கமுஆர் ஆக்கினேன். "பொண்ணு வூட்டுக்காரங்க வந்து ஒதப்பாங்க" என்று சிரித்தீர்கள். மறுபடி கடைக்கு வந்தபின் நீங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. மாரண்டஹள்ளிக்காரரே தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்துவிட்டார். நம்மைப் பார்த்து, "என்னங்க இது, ரெண்டு பேரும் சேந்து ஆர்மோனியம் வாசிக்கறாப்பல இருக்குது" என்றார். கடையை விற்கிற பேச்சு அதற்குப் பிறகு உங்கள் வாயில் வரவில்லை.

சண்டை இல்லாமல் இல்லை. நான் ஜெராக்ஸுக்கு எழுந்து போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். "தூங்காத, ர எங்க, ர எங்க" என்று விரட்டுவீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் உங்கள் பாதியில் நான் சும்மா கை வைத்துப் பார்த்தால், "அது என் பக்கம்" என்று கையைத் தட்டிவிடுவீர்கள். சின்னப்பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் பேங்குக்குப் போனவள் கூட்டமில்லாததால் சீக்கிரம் திரும்பிவிட்டேன். வாசலில் செருப்பை விடும்போது சத்தம் கேட்டது. உங்கள் பழைய சத்தம், நிற்காமல் ஓடுகிற சத்தம். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கட்டைவிரல் கீயை அமுக்கியும் விட்டும், ஒற்றைக் கையால், ஸ்கிரீனைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்தீர்கள். என் பக்கத்து எழுத்தெல்லாம் உங்கள் கையிலேயே வந்துகொண்டிருந்தது. நான் உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டு, "வந்துட்டியா, வா, ல வரல, ஒக்காரு" என்றீர்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. லேமினேஷனைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி ஓடி வந்து உங்களுக்கு ல-வும் ர-வும் அடித்துக் கொடுக்கிறேன், நீங்கள் நாடகம் ஆடுகிறீர்களா? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிடும்போது கேட்டே விட்டேன். "உங்களால தனியாவே முடியும்தானே?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "முடியும். நான் ஒருத்தனே அடிச்சா நீ போயி ஜெராக்ஸ்ல நின்னுக்குவ. நீயே ரெண்டு பக்கமும் அடிச்சா நான் வூட்டுல ஒக்காந்துக்குவேன். ரெண்டும் வேணாம்."

எனக்கு நீங்கள் வேண்டும் என்பதை வாயால் சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. "சரி, சாயங்காலம் கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, மொழங்கை இடிக்குது" என்றேன். நீங்கள் தள்ளி உட்காரவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

இரண்டாவது தடவை வாதம் வந்தபோது ஆஸ்பத்திரி போய்ச் சேரவே நேரம் தரவில்லை. காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்தபோதுதான் என் நிலைமை புரிந்தது. எனக்குப் பாதி டைப்தான் தெரியும். மகள் சாதாரண கீபோர்டு வாங்கிக்கொள்ளச் சொன்னாள், போனில் பேசினால் அதுவே அடிக்கும் என்றாள். வளையல் கடை அக்கா, "ஒரு ஆளப் போட்டுக்கயேன்" என்றது. நான் இரண்டையும் கேட்கவில்லை. உங்கள் தந்திரத்தையே எடுத்துக்கொண்டேன். என் பக்கத்துக் கட்டைவிரல் கீயை அமுக்கிப் பிடித்து, உங்கள் எழுத்துகளை எல்லாம் வலது கைக்கு வரவழைத்து, எது எங்கே என்று தடவித் தடவிக் கற்றுக்கொண்டேன். இடது பாதி பக்கத்தில் சும்மாவே கிடந்தது. அதன் மேல் நான் கை வைக்கவில்லை.

மூன்று மாதத்தில் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. டம்ளர் பிடித்தால் நழுவியது. பயந்துபோய் அதே பிசியோதெரபிக்காரரிடம் போனேன். எப்படி டைப் அடிக்கிறேன் என்று செய்து காட்டச் சொன்னார். செய்து காட்டினேன். மனிதர் என் மடியில் கிடந்த இடது கையைக் காட்டினார்.

"உங்க வூட்டுக்காரரு வேற வழியில்லாம ஒரு கையில ரெண்டு கை வேலை செஞ்சாருங்க. உங்களுக்கு என்னங்க வந்துச்சு? நல்லா இருக்கற கைய எதுக்கு மடியில வெச்சிருக்கீங்க?"

அது அவர் பக்கம் என்று சொல்ல வாய் வந்தது. வெளியாளிடம் எப்படிச் சொல்வது? பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கம் உங்கள் கையில் இருந்தவரை நீங்கள் வீட்டில் போய் உட்காராமல் இருந்தீர்கள். அதற்காகத்தான் அதைக் காத்தீர்கள், நானும் விட்டுக்கொடுத்தேன். இப்போது யாருக்காக அதைக் காக்கிறேன்? மறுநாள் கடைக்கு வந்ததும் இடது கையை அதன் மேல் வைத்தேன். என் கையைத் தட்டிவிட யாரும் இல்லை. அதற்குத்தான் இத்தனை நாள் பயந்திருக்கிறேன்.

உங்களுக்கு இதை நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இல்லாமலும் வேலை நடக்கிறது. இரண்டு பக்கமும் நானே அடிக்கிறேன். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது. உங்கள் வேகம் வரவில்லை, வராது. எல்லோருக்கும் இப்போது நான் டைப் அக்கா.

ஒன்று மட்டும் திருத்த முடியவில்லை. மெய்யெழுத்தை அடித்ததும் என் கை நின்றுவிடுகிறது. அடுத்தது உங்கள் முறை என்று காத்திருக்கிறது. இடது கையும் என்னுடையதுதான் என்று அதற்கு நினைவு வர ஒரு கணம் ஆகிறது. இன்று மத்தியானம் ஓசூர் கம்பெனிக்கு பயோடேட்டா அடிக்க வந்த ஒரு பெண், தன் அப்பா பெயர் பாதியில் நிற்பதை ஸ்கிரீனில் பார்த்துவிட்டு, "அக்கா, சிஸ்டம் நின்னுருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, ஓடுது" என்றேன்.