ஆடு பூனையான கதை

டேய், உன் லேப்டாப்பை நேற்று உங்க அம்மி என் கையில் கொடுத்தார்கள். திறந்ததுமே சொல்யூஷன் வாடை. ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் பசைக்கு நம் ஊரில் அதுதானே பெயர். உங்க வீட்டுக்குக் கீழே இருந்த கடையில் அதை டின் டின்னாக விற்றுக்கொண்டிருந்தார்கள், மேலே உன் அறையில் நாம் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். விசைகளின் இடுக்கெல்லாம் அந்த வாடை இறங்கிவிட்டிருக்கிறது. "ஆம்பூர்லயே எல்லாத்துக்கும் சொல்யூஷன் இருக்கிற ஒரே ரூம் இதுதான்டா" என்று நான் சொன்னபோது தலையணையால் அடித்தாய். இப்போது அடிக்க ஆள் இல்லை என்கிற தைரியத்தில் சொல்கிறேன், அது நல்ல ஜோக்.

போன மழைக்காலத்தில், வேலூரில் இருந்து பைக்கில் திரும்பும்போது, பள்ளிகொண்டாவைத் தாண்டி ஒரு லாரி. அதைப் பற்றி எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை. ஆட்டைப் பற்றி எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நீ வரைந்த ஆடு. செத்துப்போன ஆட்டின் ஆவி. தோலை உரித்துவிட்டதால் கூச்சப்பட்டு, குடியாத்தம் லுங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு தன் தோலைத் தேடிக் கிளம்புகிறது. தோல் மண்டி, தோல் பதனிடும் தொட்டி, பாலாறு, ஷூ கம்பெனி, கடைசியில் துறைமுகத்துக் கன்டெய்னர். வழியில் பார்க்கிற ஒவ்வொரு ஷூவையும் முகர்ந்து "நீ நானா?" என்று கேட்கும். படமும் கம்ப்யூட்டர் கோடிங்கும் உன் வேலை. ஆட்டுக்கு வாய் கொடுத்தது நான். "எங்கிட்ட இருந்து தோலை எடுத்துக்கினு தோல்வியை மட்டும் விட்டுட்டுப் போய்ட்டீங்களே" என்று அது முதலாளியிடம் சண்டைக்குப் போகிற இடத்தில் நீ கட்டிலில் இருந்து உருண்டே விழுந்தாய்.

விளையாட்டாகத்தான் தொடங்கினோம். ஆனால் படிப்பு முடிந்ததும் உங்க அண்ணன் ரஃபீக் உனக்குத் தன் ஷூ கம்பெனியிலேயே வேலை பேசி வைத்துவிட்டார். "இந்த கேமை யாராச்சும் வாங்கிட்டா நான் அங்க போக வேணாம்டா" என்றாய். அன்றிலிருந்து அது விளையாட்டு இல்லாமல் போனது.

ரஃபீக் அண்ணனுக்கு உன்மேல் கோபம் எல்லாம் கிடையாது. பெங்களூரில் கேம் வெளியிடும் கம்பெனி ஒன்றை அவர்தான் தேடிப் பிடித்தார். ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையர்களிடம் பேசிப் பேசிப் பழகிய வாய் அவருடையது. முதல் வீடியோ காலில் ஒரு மேடம் வந்தார், ஓசூர்க்காரர். லுங்கி கட்டிய ஆட்டைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

"எனக்குப் பிடிச்சிருக்கு தம்பி. ஆனா நான் மட்டும் முடிவு பண்ண முடியாது" என்றார். "எங்க ஆபீஸ்ல இதுக்குன்னு ஒரு கூட்டம் போடுவாங்க. விளம்பரம் பாக்கிறவர் இதை எப்படிப் பத்து செகண்ட்ல காட்டுறதுன்னு கேப்பாரு. கணக்குப் பாக்கிறவர் இதே மாதிரி முன்னாடி வந்தது எப்படிப் போச்சுன்னு கேப்பாரு. முழுசா விளையாடிப் பாத்தவ அங்க நான் ஒருத்திதான் இருப்பேன். அதனால அவங்க கேக்கப்போறதை எல்லாம் நானே உங்களைக் கேட்டுடறேன்."

முதல் கேள்வி, ஆடு செத்ததாகத்தான் இருக்க வேண்டுமா என்பது. ரஃபீக் அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு நம் பக்கம் திரும்பினார்.

"பையர் 'இருக்கணுமா'ன்னு கேட்டா 'வேணாம்'னு அர்த்தம். மாத்திடு."

"ஏன்னு கேக்கலாமேண்ணா?" என்றாய்.

"ஏன்னு கேட்டா அடுத்த கம்பெனிக்குப் போய்டுவான். ஷூவோட மூக்கு அகலமா இருக்கேன்னு அவன் வாயைத் திறந்தாலே, மறுநாள் காலைல மூக்கு ஒடுங்கின சாம்பிள் அவன் மேசைல இருக்கணும். இத்தினி வருஷமா அப்படித்தான்டா இந்த ஊர் சோறு தின்னுது."

ஆடு உயிர் பெற்றது. உயிர் இருந்தால் தோலும் இருக்குமே, லுங்கி போனது. அடுத்த வீடியோ காலில் மேடம் கேட்டார், தோலைத்தான் தேட வேண்டுமா, குழந்தைகள் பயப்பட மாட்டார்களா என்று. ஆடு கழுத்து மணியைத் தேடத் தொடங்கியது. ஆடு இவ்வளவு பேச வேண்டுமா என்றார். பேச்சை எடுத்தாய். அன்றைக்கு உன்னோடு சண்டை போட்டேன்.

"கசாப்புக் கடைலகூட தலையை முழுசாதான்டா குடுப்பான். நீ நாக்கை மட்டும் தனியா அறுத்துட்டியே!"

"பேஜார் பண்ணாதடா. உள்ள பூந்துட்டா அப்பறம் மாத்திக்கலாம்."

விளம்பரத்தில் ஆட்டைவிடப் பூனை நன்றாக எடுபடுமோ என்று மேடம் சந்தேகமாகத்தான் இழுத்தார். அவர் இழுத்து முடிப்பதற்குள் ரஃபீக் அண்ணன் "டன் மேடம்" என்றார். காதையும் வாலையும் மாற்றினாய், நடையை மாற்ற நேரம் இல்லை. ஆடு மாதிரி நடக்கிற ஊமைப் பூனை ஒன்று, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு தெருவில் மணியைத் தேடிக்கொண்டு போனது. "மியாவுக்கு வசனம் எழுதணுமா தோஸ்த்?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்த அன்று மேடமே அழைத்தார்.

"ஒரே கேள்விதான் கேட்டாங்க. இதை இவங்கதான் செய்யணும்னு என்ன இருக்கு, யார் வேணா செய்வாங்களேன்னு. என்கிட்ட பதில் இல்லப்பா."

"மேடம், நீங்க சொன்னதெல்லாம் பண்ணிக் குடுத்தோமே!" என்றார் ரஃபீக் அண்ணன்.

"நான் எங்கங்க சொன்னேன்? கேட்டேன். முடியாது, ஆடு செத்துதான் இருக்கணும்னு ஒரு தடவையாச்சும் நீங்க சண்டை போடுவீங்கன்னு பாத்தேன். அந்தச் சண்டையை அப்படியே எடுத்துட்டுப் போய் உள்ள போடலாம்னு இருந்தேன்."

அழைப்பை அணைத்துவிட்டு உங்க அண்ணன் லேப்டாப்பை மூடினார். "பையர்கிட்ட எவன்டா சண்டை போடுவான்?" என்று நம்மிடம் கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். உனக்கும் எனக்கும் மட்டும் என்ன தெரிந்திருந்தது? இந்த ஊரில் அப்படி ஒரு ஆளை நாம் யாரும் பார்த்ததில்லை.

ஆட்டைத் திரும்பச் சாகடிக்க உனக்குப் பல வாரங்கள் ஆயின. இந்த முறை லுங்கிக்குக் கட்டம்கூடப் போட்டாய். அனுப்பினோம். பதில் சொன்னது வேறொருவர். மேடம் இப்போது அங்கே இல்லை, அவருடைய குழுவையே மூடிவிட்டார்கள், அந்தக் குழு பார்த்துக்கொண்டிருந்த எதுவும் இனி கிடையாது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். ஆட்டைத் திறந்து பார்த்தாரா என்று கேட்டேன். நேரம் கிடைக்கவில்லை என்றார். நம்முடையது நன்றாக இருந்ததா இல்லையா என்று அங்கே யாரும் முடிவு செய்யவே இல்லை. அதைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆளின் நாற்காலி போனது, அதோடு ஆடும் போனது.

நீ ஷூ கம்பெனியில் சாம்பிள் செய்யும் அறைக்குப் போனாய். போய் வர ஒரு பைக் வாங்கினாய். "அங்கயும் அதேதான்டா" என்றாய் ஒருநாள். "அவன் கேப்பான், நாங்க மாத்துவோம். ஆனா இங்க மாத்தினா ஆர்டர் வருது." நீ சொன்னதிலேயே என்னால் பதிலுக்கு ஒரு ஜோக் சொல்ல முடியாத பேச்சு அதுதான்.

இப்போது நடந்ததைக் கேள். உங்க அண்ணன் என்னிடம்கூடச் சொல்லாமல் செத்த ஆட்டை நாலைந்து இடங்களுக்கு அனுப்பியிருக்கிறார். போன வாரம் புனேயில் இருந்து ஒருவர் அழைத்தார். சின்ன கம்பெனி. இருக்கிற வரை முழுவதும் விளையாடிப் பார்த்திருக்கிறார். வசனத்தை இங்கிலீஷில் படித்தே சிரித்திருக்கிறார். எதையும் மாற்ற வேண்டாம், ஆடு செத்தே இருக்கட்டும் என்றார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஆடு ஷூ கம்பெனிக்குள் போகிற இடத்தோடு கேம் பாதியில் நிற்கிறதே, இதைச் செய்தவர் எங்கே?

ரஃபீக் அண்ணன் அந்த லாரியைப் பற்றிச் சொன்னார். புனேக்காரர் வருத்தத்தோடுதான் சொன்னார், எங்கள் கூட்டத்தில் கேமைவிட அதைச் செய்கிற கையைத்தான் பார்ப்பார்கள், மிச்சத்தை முடிக்க ஆள் இருந்தால் சொல்லுங்கள், நான் உள்ளே பேசுகிறேன் என்று.

"ஆள் இருக்கு சார்" என்று உங்க அண்ணன் என் தோளில் கை வைத்தார்.

அதனால்தான் லேப்டாப் என்னிடம் வந்தது. அம்மி அதை ஒரு துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்தார்கள். "அவன் இன்னா பண்ணிக்கினு இருந்தான்னு உனக்குத்தானே தெரியும், பேட்டா?" என்றார்கள். தலையாட்டினேன்.

இரவு முழுவதும் உன் கோடிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எது எதற்கு என்று ஒரு வரியாவது குறித்து வைத்தாயா நீ? ஒரு ஃபைலுக்கு நம் கெமிஸ்ட்ரி சாரின் பட்டப்பெயர், இன்னொன்றுக்கு என் பெயருக்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தை. ஒரு எண்ணை மாற்றினேன், ஆடு தரைக்குள் இறங்கிப் போய்விட்டது. திரும்ப ஏற்றத் தெரியவில்லை. எனக்கு அதைப் பேச வைக்கத் தெரியும், ஒரு அடி நடக்க வைக்கத் தெரியாது.

இன்று காலை உங்க வீட்டுக்குப் போய், "என்னால முடியாதுண்ணா" என்றேன். ரஃபீக் அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு என் எதிரிலேயே புனேக்குப் போன் போட்டு, முடியாது என்று சொன்னார். நம் மூன்று பேரில் ஒருவர் ஒரு கம்பெனியிடம் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல் தடவை. லேப்டாப்பை அம்மியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வசனம் மட்டும் எனக்கு நிற்க மாட்டேன் என்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பால் வாங்க நின்றேன், மனசுக்குள் நம் ஆடு ஒரு வசனம் சொன்னது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். கடைக்காரர் சில்லறையை நீட்டியபடி, "இன்னா தம்பி, தனியா சிரிக்கிற?" என்றார்.

"ஒன்னும் இல்லண்ணா" என்றேன்.