திருகாணி இருந்த இடம்

ஜனவரி 11, 2015, ஞாயிறு

நேவா ஆற்றுக் காற்று முகத்தை அறுக்கிறது. பதக்கச் சேகரிப்பாளர் சங்கத்தில் இன்று பாதி மேசைகள் காலி. கலாச்சார மாளிகையின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் மட்டும் பதக்கங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தேநீர் குடித்தோம். தலைவர் போக்தான் இல்யிச் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எல்விரா, மே மாசம் ஜெர்மனியை ஜெயிச்சதோட எழுபதாவது வருசம். மாஸ்கோலேர்ந்து ஒரு பெரிய புள்ளி வர்றார். போர்ல நம்ம அதிகாரிங்களுக்கு அமெரிக்காக்காரன் குடுத்த பதக்கம் இருக்கே, அது மட்டும்தான் வாங்குவாராம். க்ளெப்கிட்ட ஒரு வெள்ளி நட்சத்திரம் இருக்காம். இத்தனை வருசமா வெளியவே எடுக்கல. நீ பாத்து அசல்னு சொன்னாத்தான் வாங்குவேங்கறார்."

க்ளெப். கையில் இருந்த சர்க்கரைக் கட்டி நொறுங்கிவிட்டது.

யாருடைய நட்சத்திரம் என்று எனக்குத் தெரியாதா?

ஜனவரி 13

எழுதினால்தான் கொஞ்சம் ஆறும்.

அப்பா சவேலி பீரங்கிப் படையில் லெப்டினன்ட் கர்னல். ஜெர்மனியில் எல்பா நதிக்கரையில் இரு படைகளும் சந்தித்தபோது அமெரிக்கர்கள் அவருக்கு வெள்ளி நட்சத்திரம் கொடுத்தார்கள். பெயர்தான் வெள்ளி, நிறம் என்னவோ தங்கம்தான். அது நாடாவில் தொங்கும் பதக்கம். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நெஞ்சுல இறுகி நிக்கணும். தொங்கட்டான் மாதிரி ஆடக் கூடாது" என்று நாடாவைக் கழற்றிப் போட்டு, படைப்பிரிவில் துப்பாக்கி பழுது பார்க்கிறவனிடம் கொடுத்துப் பின்னால் ஒரு திருகாணியைப் பற்றவைத்துக்கொண்டார். நம் செஞ்சேனை ஆட்கள் தங்கள் சிவப்பு நட்சத்திரத்தைச் சட்டையில் ஓட்டை போட்டுத் திருகிக்கொள்வது போலவே. பின்பக்கத்து எழுத்து பாதி ஈயத்துக்குள் போய்விட்டது. அமெரிக்கச் சேகரிப்பாளர் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

பிறகு காலம் மாறி, அமெரிக்கா எதிரி நாடானது. அமெரிக்கப் பதக்கம் வீட்டில் இருந்தாலே ஆபத்து என்று ஆனது. அம்மா அதைப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்தாள். என் பிறந்தநாளுக்கு மட்டும் அப்பா அதை வெளியே எடுத்து, அதன் ஒரு முனையால் சோடா பாட்டில் மூடியைத் திறப்பார். அந்த முனை கொஞ்சம் வளைந்தே இருந்தது.

1993இல் அப்பா உயிரோடு இல்லை, நான் மூர்மான்ஸ்க்கில் வேலையில். அம்மாவிடம் ஒருவன் வந்தான். மியூசியத்திலிருந்து வருகிறேன் என்றான். அம்மா செர்ரி ஜாம் வைத்துத் தேநீர் கொடுத்தாள். ஒரு சாக்லேட் பெட்டியைக் கொடுத்துவிட்டு நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு போனான். க்ளெப் வலேரியானவிச். பெயரைக்கூட மாற்றிச் சொல்லவில்லை, அவ்வளவு அலட்சியம்.

ஒவ்வொரு மே மாதமும் அம்மா நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு மியூசியத்துக்குப் போவாள். அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்பார்கள். நம்பமாட்டாள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைக் கேட்டது இதுதான்: "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிட்டாங்களாடீ?"

வெச்சிட்டாங்கம்மா என்றேன்.

அதற்குப் பிறகுதான் நான் இந்தப் பதக்கங்களைச் சேகரிக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் நினைப்பது போல ஆசையால் இல்லை. ஒவ்வொன்றையும் திருப்பி, பின்னால் திருகாணி இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்படியே கண் பழகி, இன்று ஊரில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. க்ளெப்பும் என்னை வணங்குகிறான். என் கணவர் வழிக் குடும்பப் பெயர் அவனுக்கு எதையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8

தம்பி ரொடியோன் ட்ராம் ஓட்டிவிட்டு நேராக வந்தான். க்ளெப்பிடம் ஒரு நட்சத்திரம் இருப்பதாக மட்டும் சொன்னேன்.

"அப்பாவோடதா இருந்தா நேரா கேளுக்கா. அம்மா பேரைச் சொல்லு."

"சொன்னா அழுதுகிட்டே எடுத்துக் குடுத்துடுவானா?"

"எனக்கு அது போதும்க்கா. மே ஒம்பதாம் தேதி வெற்றி நாள் ஊர்வலத்துல அப்பா படத்துல குத்திக்கிட்டு நடக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

உனக்கு அது போதும்டா. எனக்கு அவன் வேண்டும்.

திட்டத்தைச் சொல்லவில்லை. அவன் வாய் நிற்காது.

பிப்ரவரி 15, ஞாயிறு

நடந்தது.

க்ளெப் நீல வெல்வெட்டை விரித்து நட்சத்திரத்தை வைத்தான். பளபளவென்று இருந்தது. திருகாணி இல்லை. எவனிடமோ கொடுத்து எடுக்கச் சொல்லி, ராவி, புது முலாம் பூசி, நாடா மாட்டி, வளைந்த முனையையும் நிமிர்த்தியிருக்கிறான். லென்ஸை வைத்துப் பார்த்தேன். பின்னால் ஈயம் இருந்த வட்டம் மங்கலாக. முனையில் மடிந்த கோடு, மயிரிழை அளவு. அப்பா.

லென்ஸைக் கீழே வைத்தேன்.

"போலி" என்றேன். "அசல்னா அச்சுல அடிச்சிருப்பாங்க. இது வார்ப்பு."

"என்ன சொல்றீங்க எல்விரா சவேல்யெவ்னா?"

"பின்னால எழுத்தைப் பாருங்க. எப்படி மழுங்கியிருக்கு."

"அது... பழுது பாத்தது."

"ஏன் பழுது பாத்தீங்க? முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?"

க்ளெப் வெல்வெட்டின் ஓரத்தை இழுத்துவிட்டான். போக்தான் இல்யிச் நல்ல மனிதர், அவனைக் காப்பாற்றத்தான் கேட்டார்: "யார் வீட்லேர்ந்து வந்துச்சுப்பா? குடும்பத்துப் பேரைச் சொல்லு. ஒரு போன் போட்டுக் கேட்டுட்டா முடிஞ்சுது."

அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் திருடன். சொல்லாவிட்டால் போலி விற்கிறவன். க்ளெப் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். பிறகு வெல்வெட்டை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அம்மா, பாத்தியா? பாத்தியாம்மா?

பிப்ரவரி 22

க்ளெப்பிடம் வாங்கியவர்கள் எல்லாரும் திருப்பிக் கொடுக்க வரிசையில் நிற்கிறார்களாம். அவன் மேசையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது தேநீர் கொதிக்கும் சமோவார். இன்று தேநீர் அமிர்தம்.

மார்ச் 8

மகளிர் தினம். வருஷா வருஷம் மஞ்சள் மிமோசாப் பூங்கொத்தோடு பல்லிளித்து வந்து நிற்பான். இன்று யாரும் அவன் பெயரைக்கூட எடுக்கவில்லை. நாசமாகப் போகட்டும்.

மார்ச் 28

உதெல்னயா பழம்பொருள் சந்தை. அங்கே கடை போடும் ஃபாயினாவின் சாக்கில், உடைந்த கடிகாரங்களுக்கும் கரண்டிகளுக்கும் நடுவே அப்பாவின் நட்சத்திரம் கிடந்தது.

"க்ளெப் தூக்கிப் போட்டுட்டுப் போனான். போலிதான், ஆனா பாக்க லட்சணமா இருக்குல்ல? பேத்திக்கு விளையாடக் குடுங்க" என்றாள்.

பேரம் பேசாமல் வாங்கினேன். ட்ராமில் வீடு வரைக்கும் உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன்.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

ரொடியோனிடம் கொடுத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். முகம் மலரும் என்று நினைத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தான். "திருகாணி எங்க?"

"எடுத்துட்டான்டா."

"முனை நேரா இருக்கே."

"நிமித்தியிருக்கான். உத்துப் பாரு, கோடு தெரியும்."

அவன் உற்றுப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். "அக்கா, ஊரே சொல்லுது நீ போலின்னு சொன்னன்னு. உன் கண்ணு பொய் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும். என்னை சமாதானப்படுத்த எதையோ வாங்கிட்டு வந்திருக்க. விடு."

"ரொடியோன், சத்தியமா..."

"விடுக்கா. முட்டை சாப்பிடு."

எனக்கு வந்த கோபத்தில் முட்டை ஓட்டோடு நசுங்கியது. அவன் மேல் கோபமா? தெரியவில்லை.

மே 9

நெவ்ஸ்கி சாலை முழுக்கத் தலைகள். ரொடியோன் அப்பா படத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் கெஞ்சியதற்காக நட்சத்திரத்தைச் சட்டத்தில் குத்தியிருந்தான். வழியில் போக்தான் இல்யிச் எங்களைக் கண்டு வந்து கட்டிக்கொண்டார். படத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு சுருங்கியது. என் காதில் மெல்லக் கேட்டார்: "இது க்ளெப்போட அந்தப் போலியாச்சே. அப்பா படத்துல போய் ஏன் எல்விரா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய் சொன்னது நான் என்று ஆகும், க்ளெப் நாளையே தன் மேசைக்குத் திரும்புவான். அந்த மேசையை நினைத்ததும் வாய் பூட்டிக்கொண்டது.

ரொடியோனுக்குக் கேட்டுவிட்டது. நடந்துகொண்டே நட்சத்திரத்தைக் கழற்றி என் கோட்டுப் பையில் போட்டான். "அப்பாவைப் பாத்து நாலு பேர் சிரிக்க வேணாம்க்கா."

மே 17

க்ளெப் வீட்டுக்குப் போனேன். நானா? நான்தான்.

உள்ளே விட்டான். அலமாரிகள் காலி. தேநீர் வைத்தான், ஜாமும் வைத்தான்.

"சவேலியோட பொண்ணு. அன்னைக்கு நீங்க லென்ஸைக் கீழ வெச்சப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றான்.

"என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இது எங்க அப்பாவோடதுன்னு. அவன்கிட்ட மட்டும்."

நட்சத்திரத்தை வாங்கினான். லென்ஸை எடுத்து, பின்பக்கத்தை, அந்த வட்டத்தை, நிதானமாகப் பார்த்தான். இந்த ஊரில் அது என்னவென்று தெரிந்த இன்னொரு ஆள் அவன்தான். பிறகு மேசையில் என் பக்கமாகத் தள்ளினான்.

"நல்ல வார்ப்பு" என்றான்.

மே 18

பட்டன் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.