நீ விசாரித்த நாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

டாக்ஸ்ஹண்ட் வகை நாய்களுக்கு முதுகுவலி வருமாமே, நம் குட்டைக்கால் எப்படி இருக்கிறான் என்று இரண்டு பக்கம் கேட்டிருந்தாய். முதுகுக்கு ஒன்றுமில்லை. குறும்பும் குறையவில்லை. பிஸ்கட்டைத் தின்னாமல் செருப்புக்குள் ஒளித்துவைக்கிறான்.

உன் கடிதம் வந்தாலே அப்பா, "என்னப் பத்தி ஏதாவது கேட்டிருக்கானா?" என்பார்.

"நாயைத்தான் கேட்டிருக்கான்பா."

"பாத்தியாடா, உன்னத்தான் விசாரிக்கிறான்" என்று குட்டைக்காலுக்கு ஒரு பிஸ்கட் போடுவார்.

இந்தக் கடிதத்தை நான் தனியாகத்தான் படித்தேன்.

குட்டைக்கால் இப்போது அப்பாவின் கட்டிலில் படுக்கிறான். விரட்ட ஆளில்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் சங்கிலியைக் கவ்விக்கொண்டு அந்த அறை வாசலில் நிற்கிறான். நான் கூப்பிட்டால் நடக்க வருவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை வீடு நிறைய ஆட்கள். யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. வண்டி கிளம்பும்போது மட்டும் அதற்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அப்பாவுக்குப் பிள்ளை என்று அன்றைக்கு அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

மாமா, "அண்ணனுக்குச் சொல்லிட்டியாம்மா?" என்றார்.

"கேட்டா சொல்றேன் மாமா" என்றேன்.

நீ நாயைத்தான் கேட்டாய். எழுதிவிட்டேன்.

உன் தங்கை