பேனா மேஜை மேல் இருக்கட்டும்

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை. அதனால் வெறும் வணக்கம்.

நாங்கள் நலம். போனில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் கஷ்டமான பேச்சு வந்தாலே உங்களுக்கு மட்டும் சிக்னல் போய்விடுகிறது. உங்களோடு வேலை பார்க்கும் வெல்டர் லீவு முடிந்து நாளை கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

நம் மகள் காப்பி அடித்தாள் என்று பள்ளிக்கூடத்தில் பிடித்துவிட்டார்கள். வரி மேல் ஓட்டினால் காதில் வாசித்துக் காட்டும் என்று ஒரு பேனா வாங்கி அனுப்பினீர்களே, அதனால்தான். பார்த்தால் சாதாரணப் பேனா, ஒரு பயலுக்கும் தெரியாது என்று பெருமையடித்துக்கொண்டீர்கள். யாருக்கும் தெரியவில்லைதான். அறிவியல் தேர்வில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர், இவள் முடியை விலக்கி, வினாத்தாளை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த இயர்போனைக் காதிலிருந்து எல்லார் முன்னாலும் உருவியிருக்கிறார். யாருடி உனக்கு விடை சொல்றது என்று கேட்டிருக்கிறார். ஆமாம் மிஸ், காப்பிதான் அடிச்சேன் என்று இவள் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

சலவைக்கூடத்தில் இஸ்திரிப்பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். திருட்டுப் பட்டத்தை நாலு நாள்ல மறந்துடுவாங்கம்மா, கண்ணு தெரியலங்கறத மறக்கவே மாட்டாங்க, அப்பாவுக்கு அசிங்கமாயிடும் என்றாள்.

உங்கள் அக்கா வந்தால் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்துப் படிக்காதே என்று அவளை அதட்டியது யார்? பள்ளிக்கூடத்தில் மூச்சு விடக்கூடாது என்று என் வாயைக் கட்டியது யார்?

உங்கள் பேச்சை நான் இனி கேட்பதாக இல்லை. பெண்பிள்ளை தலையில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதா என்று அந்த டீச்சரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டேன். கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது என்று கண் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டையும் தலைமையாசிரியை முன்னால் வைத்தேன். மேஜைக்கடியில் இவள் என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். இன்னும் சிவப்பு போகவில்லை.

தலைமையாசிரியை நியாயமான மனுஷி. அடுத்த வாரம் மறுதேர்வு வைக்கிறோம், பேனாவை எல்லாரும் பார்க்க மேஜை மேல் வைத்துக்கொண்டு எழுதட்டும், ஒளித்து வைத்தால் மட்டும் அனுமதிக்க முடியாது என்றார். இவள் முடியாது என்கிறாள். அப்பா சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம் என்கிறாள். எழுதாவிட்டால் திருட்டுப் பட்டமும் நிலைக்கும், இந்த வருஷமும் வீணாகும்.

இன்னொன்று. வீடியோ காலில் வரும்போது நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறீர்கள். மூக்கின் இரண்டு பக்கமும் அழுந்திய தடம் எனக்குத் தெரியாமலா இருக்கும்? கிரேன் ஓட்டுகிறவருக்குக் கண்ணாடி வந்தால் குடி முழுகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். பேனாவை மேஜை மேல் வைம்மா என்று மட்டும் சொல்லுங்கள். போனை முகத்தோடு ஒட்டிவைத்துத்தான் அவள் உங்களைப் பார்ப்பாள். கண்ணாடியைக் கட்டாயம் கண்டுபிடித்துவிடுவாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் வேலை, ஜாக்கிரதை.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தணியாத
உங்கள் மனைவி