கிரகணத்தில் மீன் அறுத்தவருக்கு

அன்புள்ள அண்ணி,

இன்று காலை பஸ்ஸில் மீன் வந்தது. மீன்காரர் வாசலில் கூடையை இறக்கியதும் வழக்கம்போல் ஒரு கெண்டையை எடுத்து, கட்டைவிரலால் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. மீன் புதியதுதான். ஆனாலும் கீழே வைக்க மனம் வரவில்லை. அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் குனிந்து நின்று, "பொறு கண்ணு, மூடாத. உள்ளார நாலு வளைவு இருக்குதா, எண்ணிப் பாரு" என்று சொல்வதுபோல் இருந்தது. எண்ணினேன். மீன்காரர் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க, நேத்துச் சாயங்காலம் மேட்டூர்ல புடிச்சதுங்க. சந்தேகமே வேண்டாமுங்க" என்றார். சந்தேகம் மீன்மேல் இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு இது இரண்டாவது காப்பிப் பூ. போன வாரம் ஒரு மழை பெய்தது. நம் கொட்டச்சேடு ஊர் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. அந்த மணத்துக்கு வராத உங்கள் நினைப்பு மீன் கவிச்சிக்கு வந்தது என்றால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். "பூவைப் பாக்க ஊரே இருக்குது, மீனைப் பாக்கத்தான் ஆளில்லை" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு அடிவாரத்திலிருந்து நான் மலையேறி வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மாப்பிள்ளை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், குடிக்க மாட்டார், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார் என்று எல்லாமே நல்லதாகச் சொன்னார்கள். ஒன்றைத்தான் இழுத்துச் சொன்னார்கள்: கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட ஒரு அக்கா அதே வீட்டில் இருக்கிறார், ஏற்காட்டுப் பள்ளியில் விலங்கியல் டீச்சர், எதையும் கூர்ந்து பார்க்கிறவர். அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. காரணம் என் கழுத்தில் இருந்தது.

வலப்பக்கம், காறை எலும்புக்குச் சற்று மேலே, ஊசியால் குத்தியதுபோல் ஒரு துளை. பிறந்ததிலிருந்தே உண்டு. சளி பிடித்தால் அதில் ஒரு சொட்டு நீர் கசியும், அவ்வளவுதான். அம்மா அதை யாரிடமும் சொன்னதில்லை. தையல்காரரிடம் என் ரவிக்கைத் துணியைக் கொடுக்கும்போதெல்லாம் கூடவே நின்று, "கழுத்தை ஏத்தி வையுங்க, இன்னுங் கொஞ்சம் ஏத்தி" என்று அவர் உயிரை வாங்குவாள். மே மாத வெயிலிலும் தொண்டைவரை மூடிய ரவிக்கையோடுதான் நான் திரிந்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த டீச்சரம்மா கண்ணுல மட்டும் பட்டுடாத சாமி" என்றாள்.

ஒரு மாதம்கூட ஒளித்துவைக்க முடியவில்லை. சனிக்கிழமை எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வந்தீர்கள். வேண்டாம் என்றேன், நீங்கள் கேட்கவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தேன், சீயக்காய் கண்ணில் இறங்கியிருந்தது. திடீரென்று தண்ணீர் நின்றது. "அசையாத" என்று சொல்லிவிட்டு ஈரக்காலோடு உள்ளே ஓடினீர்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன். டிரங்குப் பெட்டியோடு கடைசி பஸ்ஸில் இறங்குவதுவரை மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். நீங்களோ ஒரு பூதக்கண்ணாடியோடு திரும்பி வந்து, என் தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பி, "அடி சாமி! இத்தனை நாளா இதை மூடியா வெச்சிருந்தே? நான் காலேஜ்ல படத்துலதான் பாத்தேன். இப்ப எங்க ஊட்டுக்கே வந்துருக்குது!" என்று கூவினீர்கள்.

அன்று நான் அழுதது சீயக்காயால் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இது செவுள் அமைகிற இடத்தின் மிச்சம், மீனுக்கும் நமக்கும் இருக்கிற பழைய உறவு என்று ஏதேதோ சொன்னீர்கள். மனம் நோகக் கூடாதென்று கதை சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். தம்பியிடம் நீங்கள் சொல்லவில்லை. என்னையே சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அத்தோடு அவர் மறந்துபோனார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மீன் என்றாலே நம் அடுப்படி வகுப்பறைதான். குழம்பு கொதிப்பதற்குள் நீங்கள் ஆதிக் கடலுக்குப் போய் வந்துவிடுவீர்கள். பள்ளிக்கூட ஆய்வகப் பாட்டிலில் மிதக்கும் ஒரு பிராணியைப் பற்றிச் சொல்வீர்கள்: விரல் நீளம், கண்ணாடிபோல் உடம்பு, எலும்பு இல்லை, தலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் முதுகோடு ஓடும் ஒரு தண்டும் செவுள் பிளவுகளும் உண்டு. "அப்ப இதுதான் நம்ம பாட்டனா?" என்று நான் கேட்டதற்கு, "பாட்டன் அல்ல கண்ணு, பங்காளி. பாட்டன் எப்பவோ போய்ச் சேந்துட்டான்" என்றீர்கள். அப்புறம் வந்த மீன்களுக்குத் தாடையே கிடையாதாம். வாயைத் திறந்து உறிஞ்சத்தான் தெரியுமாம். செவுளைத் தாங்கிய வளைவுகளில் முன்னால் இருந்த ஒன்று மடங்கித் தாடையானது, அதற்குப் பிறகுதான் உலகத்தில் கடி என்பதே வந்தது என்பீர்கள். "அந்தத் தாடையில இருந்து கழண்ட துண்டு எலும்புதான் இப்ப நம்ம காதுக்குள்ள உக்காந்துக்கிட்டு அடுத்த ஊட்டுப் பேச்சைக் கேக்குது" என்று சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் உங்கள் தம்பி எட்டிப் பார்த்தார்.

கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர் நீங்கள். சாமி நம்மை மண்ணால் செய்தார் என்று பைபிளில் படித்துவிட்டு மீனிலிருந்து வந்தோம் என்கிறீர்களே என்று ஒருநாள் மடக்கினேன். நீங்கள் புளியைக் கரைத்துக்கொண்டே, "அந்த மண்ணு நொம்ப ஈரமா இருந்துருக்கோணும்" என்றீர்கள்.

பிறகு நான் முழுகாமல் இருந்தேன். அந்த வருடம்தான் அந்தப் பெரிய சூரிய கிரகணம் வந்தது. முதல் பஸ்ஸிலேயே அம்மா வந்து இறங்கிவிட்டாள். ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டினாள், தையல் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினாள், என்னைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. "நாம கோயிலுக்குப் போறவங்கதானம்மா" என்றேன். "கோயிலுக்குப் போனாக் கிரகணம் நம்மளை விட்டுருமா?" என்றாள்.

மதியத்துக்கு மேல் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. சில்வண்டுகூடக் கத்தியது. அன்று சனிக்கிழமை. நீங்கள் அடுப்படியில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து மீன் அறுக்கும் சத்தம் கேட்டது. அம்மா என்னை விட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் போனேன். "டீச்சரம்மா, அறுக்காதீங்க! உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்!" அம்மா கை கூப்பி நின்றாள்.

நீங்கள் சிரிக்கவில்லை, அண்ணி. அதற்காகவே உங்களை ஆயுசுக்கும் நினைப்பேன். அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்தீர்கள். ஒரு மணையை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா. என்னன்னு சொல்லுங்க" என்றீர்கள்.

அம்மா சொன்னாள். அன்றுவரை எனக்கும் சொல்லாததைச் சொன்னாள். நான் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்ததாம். குழந்தைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவள், கைவேலையை முடித்துவிடலாம் என்று ஊசியைக் கீழே வைக்கவில்லையாம். பிறந்த என் கழுத்தில் ஊசி குத்திய இடத்தைப் பார்த்தாளாம். "நான்தாங்க குத்தினேன். என்ற புள்ளையை நானே குத்திட்டேன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. மிஷன் வீட்டில் தையல் படித்த அம்மா ஏன் ஊசியைத் தொடுவதே இல்லை, பித்தான் அறுந்தால்கூட ஏன் அப்பா உட்கார்ந்து தைக்கிறார், என் ரவிக்கை ஏன் எப்போதும் கடைக்குப் போகிறது. அம்மாவுக்குத் தையல் பிடிக்காது என்றல்லவா நான் நினைத்திருந்தேன்.

நீங்கள் ஒரு கெண்டையைத் தட்டில் எடுத்து வைத்து, விரலால் செவுளைத் திறந்து காட்டினீர்கள். "இங்க பாருங்கம்மா. இந்த வளைவும் நடுவால பிளவும். வயித்துல உளுந்து அளவு இருக்கையில எல்லாக் குழந்தைக்கும் கழுத்துல இதே மாதிரி மடிப்பு வரும். உங்களுக்கும் வந்துச்சு, எனக்கும் வந்துச்சு. மீனுக்கு அது செவுளா ஆவுது. நமக்கு ஒண்ணு தாடையாகும், ஒண்ணு தொண்டையாகும். நடுவால இருக்கற பள்ளமெல்லாம் மூடிக்கும். எப்பவாவது ஒருத்தருக்கு ஒரு பள்ளம் முழுசா மூடாம நின்னுரும். இவளுக்கு நின்னது அதுதான்."

அம்மா மீனையும் என் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவளுக்கு மட்டும் ஏனுங்க மூடலை?"

"அது எனக்குத் தெரியலீங்கம்மா" என்றீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் அம்மா அடுத்ததையும் நம்பினாள் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்டீர்கள்: "அந்தக் கிரகணம் எத்தனாம் மாசத்துல வந்துச்சுங்க?"

"ஏழாம் மாசம். வளையல் போட்ட வாரம்."

"அந்தப் பள்ளம் மூடறதும் மூடாம நிக்கறதும் ரெண்டாம் மாசத்துலயே முடிஞ்சு போச்சுங்கம்மா. நீங்க முழுகாம இருக்கறதே அப்ப உங்களுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது. நீங்க ஊசி எடுக்கறதுக்கு எத்தனையோ நாளைக்கு முந்தியே இது இருந்துருக்குது. உங்க ஊசி அல்லங்க."

அடுப்படியில் பாதி இருட்டு. வெளியே எஸ்டேட் நாய் ஒன்று காரணமில்லாமல் குரைத்துக்கொண்டிருந்தது. அம்மா தட்டை இழுத்து, தன் விரலாலேயே அந்தச் செவுளைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் இருந்த அரிவாள்மணையை நகர்த்தி உங்கள் முன்னால் வைத்தாள்.

"மீதியையும் அறுத்துருங்க டீச்சரம்மா. கொழம்பு வெக்கோணுமல்ல" என்றாள். கிரகணம் இன்னும் விட்டிருக்கவில்லை.

உங்கள் மருமகள், என் மகள், பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லோரும் நிறம் பார்த்தார்கள், மூக்கு பார்த்தார்கள். அம்மா நேராகக் கழுத்தைப் பார்த்தாள். அதே வலப்பக்கம், அதே துளை. அம்மா குழந்தையைத் தூக்கி உங்கள் கையில் கொடுத்து, "உங்க மீனு வந்துருச்சுங்க டீச்சரம்மா" என்றாள். நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்புக்கு நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார். அந்த வாரமே பரணிலிருந்து தையல் பெட்டியை இறக்கச் சொல்லி, அம்மா பேத்திக்கு ஒரு சட்டை தைத்தாள். கழுத்து நன்றாக இறங்கிய சட்டை. "இதை எதுக்கு மூடோணும்?" என்றாள். அன்றிலிருந்து நானும் என் ரவிக்கைகளை இறக்கித் தைத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் பார்க்கவில்லை. உங்களை அடக்கம் செய்த காலையில், நோயில் நீங்கள் இளைத்திருந்ததால் பழைய ரவிக்கை எதுவும் பொருந்தவில்லை. கண் சரியாகத் தெரியாத அம்மா வெள்ளைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். சாவு வீட்டில் ஊசி எடுக்கலாமா என்று யாரோ ஒரு அம்மாள் கேட்டார். அம்மா தலையைத் தூக்கவே இல்லை.

"ஊசி ஒண்ணும் பண்ணாதுங்க. டீச்சரம்மா சொல்லியிருக்காங்க" என்றாள்.

அந்த ரவிக்கையைத்தான் நீங்கள் போட்டுக்கொண்டு போனீர்கள், அண்ணி. என் கழுத்துத் துளை அப்படியே இருக்கிறது. இன்று கொஞ்சம் சளி. கண்ணாடி முன்னால் நின்றபோது அதில் ஒரு சொட்டு நீர் நின்றது. அதை நான் மூடவில்லை.